ஸ்டேட்டிக் மாடல்: எண்ணெய்க் கணக்கு எங்கே பிசகுகிறது?

எண்ணெய் வயலின் பாறைகளைக் காட்டும் முப்பரிமாண மாடல், அதாவது ஸ்டேட்டிக் மாடல், திரையில் சுழலும்போது, மணற்கல்லுக்கு மஞ்சள், களிமண் பாறையான ஷேலுக்குச் சாம்பல் என்று பூசிய நிறங்களில்தான் எல்லோர் கண்ணும் நிற்கும். ஆனால் பூமிக்கடியில் எத்தனை பேரல் கிடக்கிறது என்ற கணக்கில் பெரும்பிழை நுழைவது அந்த நிறங்களைப் பூசுவதற்கு வெகு முன்பே. பாறையின் மேல்மட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது, எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்ற இரண்டும் தவறிப்போனால், அதன்மேல் எவ்வளவு நுணுக்கமான புள்ளியியல் செய்தாலும் வீண்தான்.

நிலத்துக்குள் அதிர்வலைகளை அனுப்பி எடுக்கும் சீஸ்மிக் அளவீடு தருவது நேரம், ஆழம் அல்ல. அலை போய்த் திரும்பும் நேரத்தைப் பாறையில் அதன் வேகத்தைக் கொண்டு ஆழமாக மாற்றுகிறோம். 2,500 மீட்டர் ஆழத்தில் அந்த வேகம் 1 சதவீதம் பிசகினால் மட்டம் 25 மீட்டர் நகர்ந்துவிடும். எண்ணெய் நிற்கும் உயரமே 40 மீட்டர்தான் என்றால் மிச்சத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கிணறு இருக்கும் இடத்தில் இந்தப் பிழை திருத்தப்பட்டுவிடும். கிணறே இல்லாத சரிவுகளில்தான் அது பதுங்கியிருக்கும். ஒரு கிணற்றை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து, மற்றவற்றை மட்டும் கொண்டு ஆழம் கண்டு, ஒதுக்கிய கிணற்றில் எத்தனை மீட்டர் தவறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கிணறாக இப்படிச் செய்தால் கிடைக்கும் எண்தான் உங்கள் மேப்பின் உண்மையான நம்பகத்தன்மை.

கிணற்றின் ஆழத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவு) காட்டும் ஆழம், துளையிடும் ரிக்கின் தளத்திலிருந்து, துளையின் போக்கிலேயே அளக்கப்படுவது. தளத்தின் உயரத்தைக் கழிக்காமல் விடுவதும், பக்கத்துக் கிணற்றின் உயரத்தைக் கழிப்பதும் சர்வசாதாரணம். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த துளையில் 1,000 மீட்டர் போனால் செங்குத்தாக இறங்குவது 500 மீட்டர்தான். அங்கே சாய்வு அளவீட்டில் 1 பாகை தவறு நீடித்தால் ஆழம் 15 மீட்டர் மாறிவிடும். இரண்டு கிணறுகளுக்கு நடுவே திடீரென ஒரு ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) தேவைப்படுவதுபோல் தோன்றினால், அதை வரைவதற்கு முன் துளையின் சாய்வு சர்வேயை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர் மட்டம். ஆழத்துக்கு எதிராக அழுத்தப் புள்ளிகளைப் போட்டு, எண்ணெய்க் கோடும் தண்ணீர்க் கோடும் வெட்டும் இடத்தை எடுக்கிறோம். ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறுவது தண்ணீருக்கு அடிக்கு 0.44 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), எண்ணெய்க்கு 0.34 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி வெறும் 0.10. ஆகவே இரண்டு கோடுகளுக்கும் நடுவே கருவி 1 பிஎஸ்ஐ பிசகினாலே மட்டம் 10 அடி, அதாவது 3 மீட்டர் நகர்ந்துவிடும். வெவ்வேறு கிணறுகளில், வெவ்வேறு கருவிகளால் எடுத்த புள்ளிகளை ஒரே கோட்டில் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மட்டம் தெரிந்த பிறகும், நீர்ச்செறிவை (துளைகளில் தண்ணீரின் பங்கை), போராசிட்டி (பாறையில் துளைகளின் பங்கு) மாதிரி கிணறுகளுக்கு இடையே பரப்புவது தவறு. அது மட்டத்துக்கு மேலே உள்ள உயரத்தையும் பாறையின் துளைகளையும் பொறுத்தது. நுண்துளைகளின் தந்துகி அழுத்தத்தையும் பாறைப் பண்பையும் செறிவோடு இணைக்க லெவரெட் 1941-இல் தந்த ஜே-சார்பு இதற்கு இன்றும் உதவுகிறது. இல்லாவிட்டால், மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கும் செல்லில் (மாடலின் சிறு கட்டத்தில்) 80 சதவீத எண்ணெய் என்று மாடல் கூசாமல் காட்டும்.

கணக்கு எளியதுதான். மொத்தப் பாறைக் கன அளவு 10 கோடி கன மீட்டர். அதில் மணல் பங்கு 0.6, போராசிட்டி 0.20, எண்ணெய்ச் செறிவு 0.7, எண்ணெய் மேலே வரும்போது சுருங்குவதைக் கணக்கில் எடுக்கும் கன அளவுக் காரணி 1.2. பெருக்கி, கடைசி எண்ணால் வகுத்தால் 70 லட்சம் கன மீட்டர், சுமார் 4.4 கோடி பேரல். இதில் ஒரு பழைய பொறி இருக்கிறது. ஷேலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அதே போராசிட்டி 0.12 ஆகிவிடும். அந்த 0.12-ஐ வைத்துக்கொண்டு மறுபடியும் 0.6-ஆல் பெருக்கினால், ஷேலை இரண்டு முறை கழித்ததாகிறது. எண்ணெயில் 40 சதவீதம் காகிதத்திலேயே காணாமல் போகும். போராசிட்டி மணலுக்கு மட்டுமா, மொத்தத்துக்கா என்பதை மாடலிலேயே எழுதிவையுங்கள்.

செல் அளவுக்கு வருவோம். 10-க்கு 8 கிலோமீட்டர் வயல், 60 மீட்டர் தடிமன். 50 மீட்டர் செல், 1 மீட்டர் அடுக்கு என்றால் 19.2 லட்சம் செல்கள். எல்லாப் பக்கமும் பாதியாக்கினால் எட்டு மடங்கு, 1.5 கோடிக்கு மேல். கிடையாகச் சிறிதாக்குவதில் பெரிய லாபம் இல்லை. அடுக்கின் தடிமன்தான் முக்கியம். 30 சென்டிமீட்டர் ஷேல் 1 மீட்டர் அடுக்கில், அதிகம் இருப்பதே செல்லின் பாறை என்ற பெரும்பான்மை விதிப்படி தோற்று, சுவடில்லாமல் மறைந்துவிடும். பேரல் கணக்கில் அது சிறு இழப்புதான், ஓட்டத்தில் அப்படியல்ல. ஊடுருவுதிறன் 100 மில்லிடார்சியில் ஒன்பது அடுக்கும் 0.1 மில்லிடார்சியில் ஒன்றும் இருந்தால், கிடையாக ஓடும் எண்ணெய்க்குச் சராசரி 90. செங்குத்தாக ஏறும் தண்ணீருக்கு வெறும் 1. கிடைச் சராசரியையே செங்குத்துக்கும் வைத்தால், சிமுலேஷனில் அடித்தண்ணீர் நாளைக்கே கிணற்றுக்கு வந்துவிடும்.

தூரம் கூடக் கூடப் பாறைப் பண்பு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வேரியோகிராமில், செங்குத்து வீச்சை (ஒற்றுமை நீடிக்கும் தூரத்தை) லாக்கிலிருந்து தயங்காமல் எடுக்கலாம். கிடை வீச்சு வேறு கதை. கிணறுகள் 1 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கையில், அதைவிடக் குறைந்த தூரத்தில் என்ன நடக்கிறதென்று கிணறுகள் சொல்லாது. அங்கே மென்பொருளின் டிஃபால்ட் எண்ணை விட்டுவைப்பதைவிட, அதே வகைப் படிவு வெளியே தெரியும் பாறைமுகங்களில் மணல் உடல்கள் எவ்வளவு அகலம் என்று பார்த்து எடுப்பது மேல். லாக், செல்களாக்கிய லாக், முடிந்த மாடல் மூன்றின் ஹிஸ்டோகிராமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். ஆனால் மூன்றும் பொருந்திவிட்டதென்று நிம்மதியடைய வேண்டாம். கிணறுகள் பெரும்பாலும் நல்ல மணலைத் தேடி உச்சியில்தான் போடப்படுகின்றன. அங்கே 70 சதவீதம் மணல் என்பது வயல் முழுதும் 70 என்று ஆகாது.

புதிய கிணறு வந்து, பாறையின் மேல்மட்டம் 12 மீட்டர் கீழே என்று காட்டினால், பலர் செய்வது மேற்பரப்பை அந்தப் புள்ளிக்கு இழுத்து விடுவதுதான். மேப்பில் அந்தக் கிணற்றைச் சுற்றி மட்டும் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கோடுகளைத் தொடுவதற்கு முன் வேக மாடலைத் திறந்து, அந்தப் பக்கம் முழுவதுமே 12 மீட்டர் தாழ வேண்டுமா என்று பாருங்கள்.