மெட்டாநெஃப்ரின்: அட்ரினலினின் திரிபொருள்

இரத்தக் கொதிப்பு திடீர் திடீரென ஏறி, தலைவலியும் படபடப்பும் வியர்வையும் சேர்ந்து வருகிற ஒருவருக்கு, ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் 'பிளாஸ்மா ஃப்ரீ மெட்டாநெஃப்ரின்' என்று, இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவில் செய்யும் ஒரு பரிசோதனையின் பெயர் இருக்கக்கூடும். வீட்டார் அதைப் படித்துப் புரிந்துகொள்ள இன்று வழியில்லை என்பதால், இச்சொல்லை விளக்குவது அவசியமாகிறது.

அட்ரினலின் என்பது இலத்தீன் வழிப் பெயர். 'அட்' என்றால் அருகில், 'ரென்' என்றால் சிறுநீரகம். அதே இயக்குநீருக்கு (ஹார்மோனுக்கு) எபிநெஃப்ரின் என்ற மற்றொரு பெயர், மேல் எனப் பொருள்படும் 'எபி', சிறுநீரகத்தைக் குறிக்கும் 'நெஃப்ரோஸ்' ஆகிய கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. அட்ரினல் சுரப்பிக்குத் தமிழில் வழங்கும் 'அண்ணீரகச் சுரப்பி' என்ற பெயரும் இதே முறையில், 'அண்' என்னும் நெருக்கப் பொருளோடு நீரகத்தைச் சேர்த்து அமைந்த அழகான ஆக்கம். மெட்டாநெஃப்ரினில் உள்ள 'மெட்டா', மூலக்கூறின் பென்சீன் வளையத்தில் மெத்தில் என்னும் சிறு அணுத்தொகுதி சென்று சேரும் இடத்தைக் குறிக்கிறது. அட்ரினலின் இப்படி மெட்டாநெஃப்ரினாகும் வேதிமாற்றத்தை 1957ஆம் ஆண்டில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜூலியஸ் ஆக்சல்ராட் கண்டறிந்தார்; 1970இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மெட்டாநெஃப்ரினைப் பலர் 'சிதைபொருள்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது என்பதே என் கருத்து. இங்கே மூலக்கூறு உடைவதில்லை. ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாகச் சேர, அட்ரினலின் தன் ஆற்றலை இழந்து வேறொரு பொருளாகிறது. மேலும், இரத்தத்தில் ஏதோ சிதைந்து கிடக்கிறது என்று நோயாளி அஞ்சவும் அச்சொல் இடம் தரும். 'வளர்சிதைமாற்றப் பொருள்' சரியானதே, ஆயினும் அது உடலின் வேதிமாற்றங்களில் உண்டாகும் எல்லாப் பொருள்களுக்கும் (மெட்டபொலைட்டுகளுக்கும்) உரிய பொதுச்சொல். ஆகவே விளக்கும்போது 'அட்ரினலினின் திரிபொருள்' என்றும், சீட்டிலும் அறிக்கையிலும் மெட்டாநெஃப்ரின் என்றே ஒலிபெயர்த்தும் எழுதலாம். 'ஃப்ரீ' என்பதற்கு, சல்ஃபேட்டோடு சேராதது என்ற பொருளில் 'தனித்த' என்பது போதும்.

அட்ரினலினையே அளக்காமல் இதை அளப்பதற்குக் காரணம் உண்டு. அண்ணீரகத்தில் வளரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி, அட்ரினலினை அவ்வப்போது மட்டுமே வெளியிடலாம். ஆனால் கட்டியின் உயிரணுக்களுக்குள்ளேயே மெட்டாநெஃப்ரின் இடைவிடாமல் உருவாகிக் கசிந்துகொண்டிருக்கும். அட்ரினலினை ஒத்த இயக்குநீரான நோராட்ரினலினிலிருந்து உண்டாகும் நார்மெட்டாநெஃப்ரினையும் உடன் அளப்பார்கள்.

இரத்தம் எடுக்கும் முறை அளவை மாற்றிவிடும். காசிமேட்டிலிருந்து காலையில் தேநீர் குடித்து, பீடி பிடித்து, பேருந்தில் நெரிசலில் நின்று வந்தவரை உடனே உட்காரவைத்து இரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக உயரக்கூடும். குறைந்தது 20 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுக்கவைத்து, படுத்த நிலையிலேயே எடுக்க வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகள் அளவைக் கூட்டும்; சில ஆய்வு முறைகளில் பாராசிட்டமாலும் குறுக்கிடும். ஆகவே உட்கொள்ளும் மருந்துகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது.