அம்மா லெபனான் பிரஜை, பிள்ளை வெளியாள்: முஜாமலா இக்காமாவுக்கு அலைவதற்கு முன்

பெய்ரூட்டில் வேலை பார்த்த காலத்தில் எதிர் வீட்டு அக்காவுக்குத் துணையாக, அவர் மகனின் முஜாமலா இக்காமா என்னும் தங்கும் அனுமதிக்காக, மூன்று முறை அரசு அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். அக்கா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த லெபனான்காரி. கணவர் எகிப்துக்காரர், இறந்துவிட்டார். மகனுக்குப் பத்தொன்பது வயது. கெய்ரோவைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பையில் இருப்பது எகிப்து பாஸ்போர்ட். மூன்றாம் முறை கவுன்ட்டரில் இருந்தவர் காகிதக் கட்டைத் திருப்பித் தள்ளினார். ஆயிரம் லிரா ஸ்டாம்ப் ஒட்டவில்லையாம். 2019க்கு முன் ஒரு டாலர் சுமார் 1,500 லிரா. பிறகு லிரா சரிந்த சரிவில் ஆயிரம் லிராவுக்கு ஒரு மிட்டாய்கூட வராது. அந்த ஸ்டாம்ப் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற ஒருவனிடம் மட்டும் இருந்தது, பல மடங்கு விலையில்.

அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1925 ஜனவரியில் வந்த 15ஆம் எண் ஆணைதான் இன்றும் குடியுரிமைச் சட்டம். லெபனான் தந்தைக்குப் பிறந்தவர் லெபனானியர். கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகக் கிடையாது. ஏன் மாற்றவில்லை என்றால், பதில் தலைக்கணக்கில் இருக்கிறது. நாட்டில் கடைசியாக அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது 1932இல். அங்கீகரிக்கப்பட்ட மதப் பிரிவுகள் 18. ஜனாதிபதி மாரோனியக் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்பது 1943இலிருந்து நடப்பு. பதினைந்து வருட உள்நாட்டுப் போரை முடிக்கப் போட்ட 1989 தாயிஃப் உடன்பாட்டுக்குப் பிறகு 128 நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் சரிபாதி. சிரியரையும் பாலஸ்தீனரையும் மணந்த பெண்களின் பிள்ளைகளைச் சேர்த்தால் தராசு சாயும் என்ற பயம்தான் எல்லாம். 2018இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜிப்ரான் பாசில், தாய் வழியும் குடியுரிமை தரலாம் என்று ஒரு மசோதா முன்வைத்தார். அண்டை நாட்டவரை மணந்த பெண்களுக்கு மட்டும் கிடையாதாம். அதுவும் சட்டமாகவில்லை.

லெபனான்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண் கல்யாணத்தைப் பதிந்து ஒரு வருடம் ஆனால் குடியுரிமை கேட்கலாம். பல தலைமுறைக்கு முன் பிரேசிலுக்குப் போனவரின் வாரிசுகூட, தந்தை வழி என்றால், கேட்டு வாங்க 2015இல் தனிச் சட்டம் போட்டுப் பத்து வருட அவகாசமும் கொடுத்தார்கள். பெய்ரூட்டில் பிறந்து பெய்ரூட்டில் படிக்கும் பையனுக்குத்தான் வழியில்லை.

அவனுக்குக் கிடைப்பது முஜாமலா இக்காமா. 2010 ஆணைப்படி லெபனான் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று வருடத் தங்கும் அனுமதி, கட்டணமில்லாமல். கொடுப்பது பொதுப் பாதுகாப்பு இயக்குநரகம், அங்கே ‘அமன் ஆம்’ என்பார்கள். கணவருக்கென்றால் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். முஜாமலா என்றால் மரியாதைக்காகச் செய்வது. தருபவர் மனது வைத்துத் தருவது. மனது மாறினால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். கட்டணமில்லை என்பதை நம்பி வெறுங்கையோடும் போகாதீர்கள். ஸ்டாம்ப், நகல், முக்தார் என்னும் பேட்டைத் தலைவரின் கையெழுத்து, போக்குவரத்து எல்லாம் உங்கள் செலவு.

பலர் மாட்டிக்கொள்வது இக்காமா கவுன்ட்டரில் அல்ல, அதற்கு வெகு முன்னால். அங்கே சிவில் திருமணம் கிடையாது. அவரவர் மத நீதிமன்றத்தில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சைப்ரஸுக்குப் போய்ச் செய்துகொண்டு வந்து பதிய வேண்டும். வீட்டுக்கு ஷேக்கை வரவழைத்து எழுதிக்கொண்ட கல்யாணம், நீதிமன்றத்தில் நிரூபித்துப் பதியும் வரை அரசுக் கணக்கில் கல்யாணமே இல்லை. கல்யாணம் பதிவாகாவிட்டால் பிள்ளையின் பிறப்பும் பதிவாகாது. அந்தப் பதிவு இல்லாத பிள்ளைக்கு இக்காமா கேட்டுப் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

பிறப்புப் பதிவில் ஒரு தேதியை மறக்கவே கூடாது: ஒரு வருடம். ஆஸ்பத்திரி தரும் பிறப்பு அறிவிப்பை முக்தாரிடம் கொண்டுபோனால் அவர் பிறப்புச் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதை நுஃபூஸ் என்னும் பதிவு அலுவலகத்தில் சேர்த்து, வெளிநாட்டவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முக்தார் காகிதம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அது பாதி வழிதான். ஒரு வருடம் தாண்டினால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் பதிய முடியும். வக்கீல், தேதி, மறுபடி தேதி. ஆஸ்பத்திரி பில் பாக்கி என்று பிறப்பு அறிவிப்பைப் பிடித்து வைத்தால், கடன் வாங்கியாவது அந்தக் காகிதத்தை மீட்டுவிடுங்கள். வழக்குச் செலவு அதைவிடக் கூடும்.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வேலைக்குப் போய் அங்கே பெண் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். உங்கள் பிள்ளைக்கு லெபனான் கொடுக்காது என்பதால் உங்கள் நாட்டுக் குடியுரிமையைத்தான் பிடித்தாக வேண்டும். இந்தியச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. இலங்கைக்கும் ஒரு வருடக் கணக்குதான். இரண்டு பக்கமும் கோட்டை விட்டால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளாகிவிடும்.

அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, ‘மக்தூம் கைத்’, அதாவது பதிவேட்டில் இல்லாதவர். 1932 கணக்கில் விடுபட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்வரை அந்தப் பெயரோடு வாழ்கிறார்கள். லெபனானில் பிறந்து வேறெந்தக் குடியுரிமையும் இல்லாதவர் லெபனானியர் என்று அதே 1925 ஆணையிலேயே ஒரு வரி உண்டு. அதைக் காட்டி ஆசை மூட்டுபவர்களிடம் கவனமாக இருங்கள். அலுவலகத்தில் அந்த வரியைச் சொன்னால் கையை விரிப்பார்கள். நீதிமன்றத்திலும் மிகச் சிலருக்கே பலித்திருக்கிறது.

இதேபோல் சமீரா சுவைதான் வழக்கைக் காட்டிப் பணம் கேட்பவர்களும் உண்டு. எகிப்தியக் கணவரை இழந்த அவருடைய பிள்ளைகளுக்குக் குடியுரிமை உண்டு என்று 2009இல் நீதிபதி ஜான் கஸ்ஸி தீர்ப்பளித்தது உண்மை. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஜனாதிபதி ஆணையில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்பவனிடம் உட்காரவே வேண்டாம். 1994இல் ஒரே ஆணையில் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்தார்கள். 2018இல் சுமார் 400 பேர், அதில் பணக்காரர்களின் பெயர்கள் வெளிவந்து பெரிய ரகளை ஆனது. எதிர் வீட்டு அக்காவைப் போன்றவர்களைத் தேடி அந்த ஆணைகள் வருவதில்லை.

இக்காமா கையில் வந்தபிறகும் சில கதவுகள் திறக்காது. அது வேலை அனுமதி அல்ல. பிள்ளை வேலைக்குப் போனாலும் இக்காமா உண்டு என்று ஆணையில் இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. வேலை அனுமதிக்குத் தொழிலாளர் அமைச்சகத்தில் தனியாக நிற்க வேண்டும். அரசு வேலையும் ராணுவமும் கிடையாது. மகனைச் சட்டம் படிக்க வைக்கும் முன், வழக்கறிஞர் சங்கம் வெளிநாட்டவரைச் சேர்க்காது என்பதை நினைவில் வையுங்கள். தகப்பன் பாலஸ்தீனர் என்றால் சொத்திலும் கண் வையுங்கள்: 2001இல் வந்த திருத்தத்தால் பாலஸ்தீனர் பெயரில் நிலமோ வீடோ பதிய முடியாது. அம்மா சம்பாதித்து வாங்கிய வீடே ஆனாலும் பிள்ளை பெயருக்கு மாறாது.

புதுப்பிக்கப் போகும்போது அம்மாவின் ‘இக்ராஜ் கைத்’, அதாவது குடிமைப் பதிவேட்டு நகல், புதிதாக எடுத்ததாக இருக்கட்டும், பழையதைத் திருப்பிவிடுவார்கள். பதிவு இருப்பது குடியிருக்கும் ஊரில் அல்ல, பாட்டன் ஊரில். அக்கா பெய்ரூட்டில் பிறந்தவர், ஆனால் அவருடைய பெயர் இருந்தது பால்பெக் ஊர்ப் பதிவேட்டில். முதல் முறை போனபோது ஊழியர்கள் வேலைநிறுத்தம், இரண்டாம் முறை மின்சாரம் இல்லை. எனவே இக்காமா முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே கிளம்புங்கள். முதலில் தகப்பன் நாட்டு பாஸ்போர்ட்டின் தேதியைப் பாருங்கள், அது காலாவதி என்றால் மற்றதெல்லாம் வீண். ஸ்டாம்ப் எங்கே கண்ணில் பட்டாலும் நாலைந்து சேர்த்து வாங்கி, காகிதக் கட்டிலேயே செருகி வையுங்கள்.