இரண்டு கேபிள் போட்டும் வேகம் ஏன் கூடவில்லை?

"சர்வரில் இரண்டு 1 கிகாபிட் கார்டுகளைச் சேர்த்து பாண்டிங் போட்டுவிட்டேன். பேக்கப் மட்டும் 1 கிகாபிட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கார்டு பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

கார்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. பல நெட்வொர்க் கார்டுகளை ஒன்றுபோல் இயக்குவதை லினக்ஸ்காரர்கள் பாண்டிங் என்பார்கள், விண்டோஸ்காரர்கள் டீமிங் என்பார்கள். ஒன்று படுத்தால் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டும் நலமென்றால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். இந்தப் பங்கீடு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, இரண்டு கேபிளிலும் மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன? அனுப்பலாம், லினக்ஸில் அதற்கொரு முறையே உண்டு. ஆனால் 5-ஆவது பாக்கெட் தாமதமாகி 6, 7, 8 முந்திக்கொண்டால், பாக்கெட்டுகளை வரிசைப்படுத்திச் சேர்க்கும் விதிமுறையான டிசிபி, வாங்கும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் "5 எங்கே?" என்று கேட்கும். அதே கேள்வி மூன்று தடவை திரும்ப வந்தால், 5 தொலைந்தது என்று அனுப்பும் பக்கம் முடிவுகட்டி, மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அதனால் ஓர் இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில் போவதே நல்லது.

எந்தக் கேபிள்? இப்படி ஓர் இணைப்பை ஒரே கேபிளில் வைக்கும் முறைகளில், கணக்கை நாம் மாற்றாவிட்டால், லினக்ஸ் இரு முனைகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள அடையாள எண்) எக்ஸார் என்ற பிட் ஒப்பீடு செய்து, கேபிள் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்க்கிறது. சர்வரின் மேக் 4-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 0100. எதிர்முனை 7, அதாவது 0111. பிட் ஒத்துப்போனால் 0, வேறுபட்டால் 1. விடை 0011, அதாவது 3. இரண்டால் வகுத்தால் மீதி 1, ஆக இரண்டாவது கேபிள். எதிர்முனை 2 என்றால் விடை 6, மீதி 0, முதல் கேபிள். யாரை எங்கே அனுப்பினோம் என்று எழுதி வைக்கவே வேண்டாம். அதே எண்களுக்கு எப்போதும் அதே விடை!

இதிலே ஒரு வேடிக்கை. வெளி நெட்வொர்க்குக்குப் போகும் பாக்கெட் எல்லாம் ரவுட்டரின் மேக்கைத்தான் சுமந்து போகும். எனவே அத்தனையும் ஒரே கேபிளில் அடைத்துக்கொள்ள, மற்றது சும்மா கிடக்கும். ஐபி முகவரிகளையும், இணைப்புக்கு இணைப்பு மாறும் போர்ட் எண்களையும் கணக்கில் சேர்க்கச் சொன்னால் இது சரியாகும். வாசகரின் பேக்கப் ஒரே இணைப்பு என்றால் அப்போதும் பலனில்லை. நான்கு இணைப்பாகப் பிரித்தால் பரவலாம். நான்கும் ஒரே பக்கம் விழவும் எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கோ, கேபிள்களின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் தன் கணக்கைத் தானே போடும்.

சரி, ஒன்று படுத்தால்? கேபிளில் உயிர் இருக்கிறதா என்று லினக்ஸ் வழக்கமாக 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். ஆனால் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் அறுந்திருந்தால், இங்கே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் ஏஆர்பி கண்காணிப்பு: அதே நெட்வொர்க்கில் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு கேபிள், இரண்டு ஸ்விட்ச், எல்லாம் பக்கா. ஸ்விட்சுகள் இரண்டும் செருகியிருந்தது ஒரே பவர் ஸ்ட்ரிப்பில். ஆயுத பூஜைக்கு அந்த ராக்குக்குப் பொட்டு வைத்தோம், மாலை போட்டோம். ஒரு பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.