எவர்சில்வர் நாரைக்கு ஏன் துருப் பிடித்தது?

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய மகன் சிற்பக் கலை படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் பரணில் கிடந்த பழைய எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, ஆள் உயரத்துக்கு ஒரு நாரை செய்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் நாரையின் கழுத்தெல்லாம் துரு. "எவர்சில்வர் துருப் பிடிக்காது என்றுதானே படித்தோம், ஐயா? அதிலும் வெல்டிங் வைத்த இடம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு அரை விரல் தள்ளித்தான் துரு. இது என்ன கணக்கு?" என்று கேட்டிருந்தார்.

அந்த 'அரை விரல் தள்ளி' என்ற சொல்லுக்காகவே பஸ் ஏறினேன். உலோகம் படித்தவர்களுக்கு அது சாதாரணச் சொல் இல்லை.

நாரை அழகாக இருந்தது. வயிறு ஒரு பெரிய குடம். அடி வெட்டிய டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துச் சாய்த்து ஒட்டிய வளைந்த கழுத்து. தலைக்கு ஒரு குழிக்கரண்டி, அலகுக்கு இரண்டு தோசைத் திருப்பி. இறக்கைகளில் ஸ்பூன்கள் வரிசை வரிசையாகப் படிந்திருந்தன. வால் ஒரு ஜல்லிக் கரண்டி. கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பையன், ஒரு காலைத் தூக்கி நிற்கும் அந்த நிலையை அப்படியே பிடித்திருந்தான்.

வீட்டுச் சாமான்களால் சிற்பம் செய்வது இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. 1942இல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் வைத்து யாருக்கும் தெரியாமல் பல வருஷம் கட்டிய தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. எவர்சில்வர் என்றால் பீகாரில் பிறந்த சுபோத் குப்தாவைச் சொல்ல வேண்டும். நம் அடுக்களையில் இருக்கும் அதே மாதிரிப் பாத்திரங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து 2006இல் ஒரு பிரம்மாண்ட மண்டை ஓடு செய்தார். அடுத்த வருஷம் அது வெனிஸ் நகரத்துக் கால்வாய்க் கரையில் நின்றது. இந்தச் சிற்பங்களில் எனக்குப் பிடித்தது, பொருள் தன் பழைய வாழ்க்கையை மறைத்துக்கொள்ளாமல் நிற்பதுதான். நாரையின் வயிற்றில் குடம் குடமாகவே தெரிகிறது.

அந்தக் குடத்தின் தோளில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. 'காதணி விழா 12.6.1987 தாய்மாமன் அன்பளிப்பு'. பையனுடைய அப்பாவுக்குக் காது குத்தியபோது அப்பாயியின் தம்பி கொடுத்தது. பாத்திரக் கடை வாசலில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, சின்ன உளியால் தட்டித் தட்டி வெட்டிய எழுத்து. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னப் பள்ளம். 35 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புளிக்கரைசலும் கிணற்றுத் தண்ணீரும் உப்புக் காற்றும் பட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. ஒரு பள்ளத்தில்கூடத் துரு இல்லை. பூச்சு பூசிய இரும்பாக இருந்தால், பூச்சைக் குத்திக் கிழித்த அந்தப் புள்ளிகளில்தானே முதலில் துருப் பிடித்திருக்க வேண்டும்?

எவர்சில்வர் மேல் பூச்சு எதுவும் இல்லை. அது இரும்போடு குரோமியம் கலந்த உலோகம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாமல் இருக்க ஒரு கலவையைத் தேடியபோது, குரோமியம் 12.8 சதவீதம் சேர்ந்த எஃகு துருவை எதிர்ப்பதைக் கண்டார். இன்றைய நல்ல பாத்திரங்களில் குரோமியம் சுமார் 18, நிக்கல் சுமார் 8 சதவீதம். கடையில் 304 என்று சொல்வார்கள்.

குரோமியம் காற்றைக் கண்டவுடனே ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடு ஆகிவிடும். இரும்பும் அதையேதான் செய்கிறது. ஆனால் இரும்பின் துரு பொருக்காக உப்பி உதிர்ந்து, அடியில் இருக்கும் புது இரும்பைத் திறந்து காட்டிவிடும். குரோமியம் ஆக்சைடோ இழுத்துப் போர்த்திய மாதிரி இறுக்கமாக உட்கார்ந்து, அடுத்த ஆக்சிஜனை உள்ளே விடாது. அந்தப் படலத்தின் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனில் பல்லாயிரம் படலங்களை அடுக்கலாம். கீறினால் கிழியும். கிழிந்த கணமே அடியில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து புதுப் படலம் போட்டுக்கொள்ளும். 1987இல் உளி ஒவ்வொரு முறை இறங்கியபோதும் படலம் கிழிந்தது, உளி எழும்புவதற்குள் மூடிக்கொண்டது. நாம் தினமும் தேய்த்துக் கழுவும்போதும் இதுதான் நடக்கிறது. காற்றும் குரோமியமும் இருக்கும்வரை இந்தத் தோல் ஆறிக்கொண்டே இருக்கும்.

குரோமியம் கொஞ்சம் இருந்தால் போதாது. குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் படலம் இடைவெளி இல்லாமல் கைகோத்து நிற்காது.

சரி, இப்போது கழுத்துக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

ஒரு டம்ளர் தகட்டை அமிலத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வேளாங்கண்ணி போகும் வழியில் பஸ் ஜன்னலில் பார்க்கிற வயல்வெளி மாதிரிதான் இருக்கும். ஒழுங்கில்லாத கட்டம் கட்டமாக வயல்கள், நடுவே வரப்புகள். ஒவ்வொரு வயலும் ஒரு படிகம். உள்ளே அணுக்கள் நடவு நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். பக்கத்து வயலின் வரிசை வேறு திசையில் போகும். இரண்டும் முட்டும் இடம்தான் வரப்பு. அங்கே அணுக்களின் ஒழுங்கு குலைந்திருக்கும்.

எவர்சில்வரில் துளியூண்டு கார்பனும் உண்டு. 304இல் அதிகபட்சம் 0.08 சதவீதம். சாதாரண வெப்பத்தில் அது எங்கேயோ ஒரு மூலையில் சும்மா கிடக்கும். தகட்டைச் சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸுக்குள் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். கார்பன் அணு சின்னது, நெருக்கத்திலும் புகுந்து ஓடும். ஓடிப்போய் வரப்பில் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் குரோமியத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டு கார்பைடு ஆகும். அந்தக் கார்பைடில் 6 கார்பன் அணுவுக்கு 23 குரோமியம் அணு. எடைக் கணக்கில் 1 கிராம் கார்பன் 16 கிராமுக்கு மேல் குரோமியத்தை விழுங்கும்.

இருந்தால் என்ன? இருக்கிற கார்பன் மொத்தமும் கார்பைடு ஆனாலும் போவது 1.3 சதவீதக் குரோமியம். 18இல் 1.3 போனால் மிச்சம் 16.7. படலம் கட்ட அது தாராளமாகப் போதுமே. முதல் முறை இதைப் படித்தபோது நானும் இங்கேதான் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

விடை குரோமியத்தின் நடையில் இருக்கிறது. கார்பன் ஓடும், குரோமியம் தவழும். வரப்பில் உட்கார்ந்த கார்பைடுக்கு வயலின் நடுவிலிருந்து குரோமியம் வந்து சேர நேரமில்லை. அதனால் வரப்போரத்தில் இருப்பதையே உறிஞ்சி எடுத்துவிடும். வரப்பில் ஒரு வேப்பமரம் நின்றால் பார்த்திருப்பீர்கள். நடு வயலில் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும், மரத்தின் வேர் எட்டுகிற ஓரத்தில் மட்டும் வெளிறிச் சோனியாக நிற்கும். வயல் முழுக்கச் சராசரி போட்டால் உரம் சரியாகவே இருக்கும். அந்த ஓரத்துப் பயிருக்குச் சராசரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்படித்தான் வரப்பை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையில் குரோமியம் 10.5க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே படலம் ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டைப் பட்டை தகட்டுக்குள் வரப்பு வரப்பாக ஓடுகிறது.

வெல்டிங் வைக்கும்போது ஒட்டுகிற கோட்டில் உலோகம் உருகி 1,400 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கார்பைடு நிலைக்காது, கரைந்துவிடும். கோட்டுக்குத் தள்ளி வெப்பம் குறைந்துகொண்டே போகும் அல்லவா? எங்கே 450 முதல் 850 வரை தங்குகிறதோ அங்கேதான் கார்பைடு கட்டும். அந்த இடம்தான் வாசகி சொன்ன 'அரை விரல் தள்ளி'. கழுத்தின் ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில், ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு பழுப்புக் கோடுகள் ஓடின. பாடப்புத்தகத்தில் பார்த்த படத்தை ஒரு டம்ளரின் மேல் நேரில் பார்க்கிறேன். பையனைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். "சார், அளந்து கோடு போட்ட மாதிரி இருக்கு சார்" என்றான். வெப்பம்தான் அளந்திருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். டம்ளர் தகடு மெல்லியது, சட்டென்று ஆறிவிடும், கார்பன் ஓட நேரம் எங்கே? நியாயமான கேள்வி. நானும் கேட்டேன். ஊர்க் கிரில் பட்டறையில் கேஸ் வெல்டிங்கில் செய்ததாம். கேஸ் சுடர் பரந்து விழும், நிதானமாகச் சூடேற்றும். கழுத்தின் வளைவு சரியாக வரவில்லை என்று ஒவ்வொரு ஒட்டையும் மூன்று நான்கு முறை சூடுகாட்டித் திருத்தியிருக்கிறார்கள். போதாததற்கு அசிட்டிலீன் கூடுதலாகத் திறந்த சுடர் தானே தகட்டுக்குள் கார்பனைச் சேர்க்கும். 0.08 இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம். ஆர்கான் வெல்டிங்கில் இந்தத் தொல்லை குறைவு. சூடு ஒரே இடத்தில் விழும், கார்பனும் சேராது.

மிச்ச வேலையைக் கடல் பார்த்துக்கொண்டது. வேதாரண்யத்து உப்பளக் காற்றில் குளோரைடு உண்டு. ஓட்டைப் படலத்துக்குள் புகுவதில் அதற்கு இணை இல்லை. நல்ல படலத்தையே சமயத்தில் குத்திவிடும். வரப்பில் நண்டு ஒரு வளை போட்டால் போதும், தண்ணீர் அதைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். அதே மாதிரி குளோரைடு குத்திய குழிக்குள் அமிலம் ஊறி, குழி தன்னைத் தானே ஆழமாக்கிக்கொண்டு போகும். இன்னொன்றும் கவனித்தேன். மழை நேராக அடிக்கும் இறக்கையின் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது, மழை படாத அடிப்பக்கம்தான் கறை. மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, மறைவான இடத்தில் உப்பு தங்கிவிடுகிறது.

அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆகிவந்த பாத்திரத்தை உடைச்சு ஒட்டினா இப்படித்தான் ஆகும். ஓட்டை உடைசல வாசல்ல வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். மருமகள் ஒன்றும் பேசாமல் நின்றார். தம்பி கொடுத்த குடம் என்ற பாசம் அந்தக் குரலில் இருந்தது, அதை மதிக்கிறேன். ஆனால் இந்த 'ஆகாது' என்ற சொல்லை எனக்கு ஆகாது. பால் பொங்கி வழிந்தாலும், வெண்கலப் பானையில் களிம்பு ஏறினாலும், கடைசியில் அது வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் ராசியில்தான் போய் முடிகிறது. புளி செம்பைக் கரைக்கிறது, அதற்குத்தான் ஈயம் பூசுகிறோம் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், ஒரு மருமகள் தலைகுனிய வேண்டாம். அப்பாயியிடம் லென்ஸைக் கொடுத்து, தம்பி வெட்டிக் கொடுத்த எழுத்தைக் காட்டினேன். "இதுல மட்டும் ஏன் ஆயா துரு இல்லை?" என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துருவைப் படிக்கும் பெரிய இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வருஷக்கணக்காக வைத்துவிட்டு அரிப்பை அளப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. இந்த மாதிரி ஆராய்ச்சியை அவசரப்படுத்த முடியாது. மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு முடிவு எங்கே என்று கேட்டால், பத்து வருஷத்தில் அரிக்கும் உலோகம் என்ன பதில் சொல்லும்? காவிரி வண்டலில் அச்சுக் கட்டி ஐம்பொன் வார்க்கும் சுவாமிமலையும், குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோவிலும் இருக்கிற டெல்டாவில், கலைஞர்கள் தங்கள் உலோகத்தைக் கொண்டுவந்து சோதித்துக்கொள்ள ஒரு சின்ன ஆய்வுக்கூடத்துக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். நல்ல சிற்பம் இரண்டு மழைக்குள் அழுகுவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

நாரைக்கு என்ன வைத்தியம்? கார்பைடு கட்டிய பட்டையைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, குறை தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெட்டி எடுக்க வேண்டியதுதான். டம்ளரை டம்ளரோடு இணைக்கச் சூடே தேவையில்லை என்றேன். பழைய தூக்குவாளியின் காது எதில் நிற்கிறது? ரிவிட்டில். அதுவும் எவர்சில்வர் ரிவிட்டாகவே இருக்க வேண்டும். இரும்பு ரிவிட் அடித்தால் ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து, இரும்பு வேகமாகக் கரையும். நாரையின் கால்கள் கட்டடக் கம்பி, குடத்தைத் தொடும் இடத்தில் அவை மற்ற இடத்தைவிட அதிகமாகப் பொரிந்திருந்தது இதனால்தான். நடுவே ரப்பர் வாஷர் வைக்கச் சொன்னேன். இரும்பு அறுத்த கிரைண்டர் சக்கரத்தை எவர்சில்வர் மேல் வைக்கக் கூடாது, இரும்பு நாரால் தேய்க்கவும் கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் தனியாகத் துருப் பிடித்துக் கறையாக்கும். வாரம் ஒருமுறை ஒரு குடம் நல்ல தண்ணீரை இறக்கையின் அடிப்பக்கம் படும்படி ஊற்றினால் உப்பு போய்விடும்.

தை பிறந்ததும் பையன் கழுத்தைக் கழற்றினான். ஒன்பது டம்ளரில் ஐந்து மீண்டும் பயன்பட்டது, மற்ற நாலுக்குப் பதிலாக அப்பாயி தன் காப்பி டபராக்களைக் கொடுத்திருக்கிறார். ரிவிட் தலைகள் கழுத்தைச் சுற்றி வரிசையாக வந்ததில் நாரைக்கு ஒரு மணிமாலை போட்ட மாதிரி இருக்கிறது என்று வாசகி படம் அனுப்பினார். அடுத்த கார்த்திகை மழை விட்டதும் லென்ஸோடு போய்ப் பார்க்க வேண்டும்.