தொடக்கத்தில் பொருந்திய ஒலி முடிவில் ஏன் விலகுகிறது?

எண்பது நிமிடப் பேச்சு ஒன்றைப் படமெடுத்தேன். பேச்சாளருக்குப் பத்தடி தள்ளி முக்காலியில் கேமரா. ஒலிக்குத் தனியாக ஒரு சிறிய ரெக்கார்டர், அவர் சட்டைப்பையில், காலரில் மைக். இரண்டையும் ஓடவிட்டு, கேமரா முன்னால் நின்று ஒருமுறை கைதட்டினேன். எடிட்டிங் மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் போட்டு, பொருத்தச் சொல்லிப் பொத்தானை அழுத்தியதும் சில நொடிகளில் வேலை முடிந்தது. முதல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அனுப்பிவிட்டேன். மறுநாள் பேச்சாளரே கூப்பிட்டார்: "தம்பி, கடைசிப் பக்கம் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பேச்சு வந்துடுதே?"

தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு சேர்ப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒலிக்கோப்பின் எந்த இடம் படத்தின் எந்த இடத்தோடு சேர வேண்டும் என்பது ஒன்று. இரண்டு கருவிகளுக்கும் ஒரு நொடி என்பது ஒரே நீளம்தானா என்பது இன்னொன்று. நான் அழுத்திய பொத்தானுக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

முதல் கேள்விக்குப் பழைய விடை கிளாப் பலகை. கட்டைகள் மோதும் கணத்தைப் படத்திலும் பார்க்கலாம், ஒலியிலும் கேட்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. ஒரு ஃபிரேமில் கட்டை இறங்கிக்கொண்டிருக்கும், கொஞ்சம் கலங்கலாக, அடுத்ததில் மூடியிருக்கும். மோதியது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. ஒலிப்பக்கம் இந்தக் குழப்பம் கிடையாது. ரெக்கார்டர் நொடிக்கு 48,000 முறை காற்றழுத்தத்தை அளந்து எண்ணாக எழுதுகிறது. ஒரு ஃபிரேமுக்குள்ளேயே 1,920 எண்கள். அலைவடிவத்தில் அந்த மோதல் ஊசிபோல் எழுந்து நிற்கும். அந்த ஊசியை மூடிய ஃபிரேமின் தொடக்கத்தில் வைத்தால் சரி.

கிளாப் அடிக்க மறந்தாலும் மென்பொருள் பொருத்திவிடுகிறதே, எப்படி? கேமராவும் தன் சொந்த மைக்கில் அதே பேச்சைச் சுமாராகப் பதிவு செய்திருக்கும். இரண்டு ஒலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, எங்கே அச்சு அசலாகப் படிகிறது என்று பார்ப்பதுதான் வழி. கணக்கில் இதற்குப் பெயர் கிராஸ் கோரிலேஷன். பெயர்தான் பெரிது, செய்வது பெருக்கலும் கூட்டலும்தான்.

கேமராவின் ஒலியில் ஒரு துணுக்கு 1, −2, 4, −1 என்று வைத்துக்கொள்வோம். ரெக்கார்டரில் 0, 0, 1, −2, 4, −1, 0. துணுக்கை ரெக்கார்டரின் மூன்றாவது எண்ணிலிருந்து அடுக்கி, நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டினால் 1 + 4 + 16 + 1, அதாவது 22. ஒரே ஓர் இடம் முன்னே தள்ளினால் −14. பின்னே தள்ளினாலும் −14. சரியான இடத்தில் மட்டும் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்கிறது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினாலும் கூட்டல்தானே, எல்லாம் ஒரே பக்கம் குவிகிறது. கேமராவின் ஒலி மெலிதாக, எதிரொலியோடு இருந்தாலும் பரவாயில்லை. உச்சம் குட்டையாகும், இடம் பெரும்பாலும் மாறாது.

ஒரு மணி நேரப் பதிவில் 17 கோடியே 28 லட்சம் எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நகர்வுக்கும் எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டிருந்தால் கணினி திணறிப்போகும். 1965-இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் என்ற குறுக்குவழி இங்கே கைகொடுக்கிறது. ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, அங்கே ஒரு சுற்றுப் பெருக்கிவிட்டுத் திரும்பி வந்தால், எல்லா நகர்வுகளுக்குமான விடை மொத்தமாகக் கிடைத்துவிடும்.

இந்த முறை ஏமாறும் இடங்களும் உண்டு. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இசையில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உச்சம் எழும். மென்பொருள் பக்கத்துச் சுற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: பொத்தான் ஒலியைப் பொருத்துவது படத்தோடு அல்ல, கேமரா கேட்ட ஒலியோடு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். கேமரா 14 மீட்டர் தள்ளியிருந்தால் அது கேட்டதே ஒரு ஃபிரேம் தாமதம். காலர் மைக்கின் ஒலியும் அந்தத் தாமதத்தோடுதான் ஒட்டப்படும்.

நல்லவேளையாக, தாமதத்தை நாம் மன்னித்துவிடுகிறோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை பார்ப்பவருக்கு உறைக்காது. முந்தினால் 45 மில்லிநொடியிலேயே உறுத்தத் தொடங்கும். மின்னலுக்குப் பிறகுதான் இடி. தூரத்தில் துணி துவைப்பவரின் கை மேலே போன பிறகுதான் அடி கேட்கும். ஒலி முந்தி வருவதை நம் கண் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. என் பேச்சாளர் உடனே கண்டுபிடித்ததற்கும் இதுதான் காரணம்.

சரி, தொடக்கத்தில் பொருந்திய ஒலி எப்படி முந்தியது? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. கேமரா, ரெக்கார்டர் இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. அந்தத் துடிப்பை எண்ணித்தான் 'இதோ ஒரு நொடி' என்று கருவி முடிவு செய்கிறது. இரண்டு படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. வெட்டிய விதத்திலும் வெப்பத்திலும் பத்து லட்சத்தில் சில பங்கு, சில பத்துப் பங்கு மாறும். என் ரெக்கார்டரின் படிகம் கேமராவினுடையதைவிடக் கொஞ்சம் சோம்பேறி. கேமராவின் கணக்கில் ஒரு நொடி ஆகும்போது அது 48,000 எண்களுக்குப் பதில் 47,999 எழுதியிருந்தது. ஒன்றுதானே குறைவு? எண்பது நிமிடம் என்றால் 4,800 நொடி. 4,800 எண்கள் குறைந்துவிட்டன. மென்பொருளோ நொடிக்கு 48,000 வீதம் ஒழுங்காக வாசித்துத் தள்ளுகிறது. ஒலி பத்தில் ஒரு நொடி முன்னதாகவே முடிந்துபோகிறது. இரண்டரை ஃபிரேம்.

விலகல் நொடிக்கணக்கில் இருந்தால் படிகத்தைத் திட்டாதீர்கள். ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி என்றால், யாரோ நொடிக்கு 30 ஃபிரேமையும் 29.97-ஐயும் கலந்துவிட்டார்கள். குரலே கீச்சென்று மாறியிருந்தால், 44,100-இல் பதிந்ததை 48,000 என்று வாசிக்கிறார்கள். ஒரு நேரம் சரியாகவும் ஒரு நேரம் தள்ளியும் தாவினால் பெரும்பாலும் கைப்பேசியில் எடுத்த படம். வெளிச்சம் குறைந்தால் அது ஃபிரேம் வேகத்தை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். அதை ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு எடிட்டிங்கில் போடுவது நல்லது. டைம்கோட் பெட்டி (இரண்டு கருவிகளுக்கும் ஒரே நேரத்தைக் கொடுக்கும் சிறு கருவி) வைத்திருக்கிறேன், எனக்கென்ன என்பவர்களுக்கு: கோப்பில் ஆரம்ப நேரத்தை மட்டும் எழுதினால் அதுவும் முதல் கேள்விக்கான விடைதான். இரண்டு கருவிகளும் ஒரே கடிகாரத்தில் ஓடினால்தான் விலகல் நிற்கும்.

என் பதிவுக்கு வருகிறேன். ஒலியின் வேகத்தை 99.998 சதவீதமாக்கினால் தீர்ந்தது, ஆனால் என் மென்பொருளின் வேகப் பெட்டி இரண்டு தசமத்துக்கு மேல் எழுத விடவில்லை. அதனால் கத்தரியை எடுத்தேன். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடங்களில், ஏறக்குறைய பதினாறு நிமிடத்துக்கு ஒன்றாக நான்கு வெட்டு, ஐந்து துண்டு. ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் மறுபடி பொருத்திவிட்டால் எந்தத் துண்டிலும் விலகல் அரை ஃபிரேமைத் தாண்டாது. நடுவில் விழும் இருபது மில்லிநொடி இடைவெளியில் அறையின் மெல்லிய இரைச்சலை இட்டு நிரப்பினேன்.

துண்டுகளின் தொடக்கத்தில் கைதட்டல் ஏது? உதடுதான் கிளாப். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆக வேண்டும். 'அப்புறம்' என்று அவர் அடிக்கடி சொல்வார். உதடு ஒட்டியிருக்கும் ஃபிரேம்களுக்கு நேரே அலைவடிவம் தட்டையாக இருக்க வேண்டும், பிரியும் ஃபிரேமில் அது வெடிக்க வேண்டும். கடைசித் துண்டை இரண்டு ஃபிரேம் பின்னுக்கு இழுத்ததும் 'அப்'பில் உதடு ஒட்டியது, 'பு'வில் பிரிந்தது. இப்போதெல்லாம் பதிவை நிறுத்தும் முன்னும் ஒருமுறை கைதட்டிவிடுகிறேன்.