பழ பிஸ்கட்டும் மழைக்காலமும்

போறணையிலிருந்து இறக்கிய அன்று மொறுமொறுவென்று இருந்த பேரீச்சம்பழ பிஸ்கட், மூன்றாம் நாள் டின்னைத் திறந்து எடுத்தால் உடையாமல் வளைகிறது. மாவைக் குழைத்ததிலோ சூட்டிலோ பிழை இல்லாவிட்டாலும் இது நடக்கும். காரணம் உள்ளே இருக்கும் பழம்.

நன்றாகச் சுட்ட பிஸ்கட்டில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குதான் தண்ணீர். முந்திரிகை வற்றலில், அதாவது கடையில் பிளம்ஸ் என்று கேட்டு வாங்குவதில், ஏறக்குறைய 15 பங்கு. பேரீச்சம்பழத்தில் இனத்தைப் பொறுத்து 20 பங்கும் அதற்கு மேலும் இருக்கும். ஆனால் ஈரம் எந்தப் பக்கம் நகரும் என்பதை இந்த அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பழத்திலுள்ள சீனி தண்ணீரில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபடாத தண்ணீர்தான் வெளியே வரப் பார்க்கும். அதற்கு நீர்ச்செயற்பாடு என்று ஓர் அளவுகோல் உண்டு, 0 முதல் 1 வரை; எண் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு ஈரம் நகரும். புதிய பழம் 0.98 அளவில் நிற்கும். பேரீச்சம்பழம் 0.6 முதல் 0.7, முந்திரிகை வற்றல் 0.5 முதல் 0.6, மொறுமொறுப்பான பிஸ்கட் 0.2 முதல் 0.3. பிஸ்கட் 0.45 அளவுக்கு ஏறினாலே நமுத்துப்போகத் தொடங்கிவிடும்.

காற்றின் ஈரப்பதனையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் 0.8. அதாவது மார்கழி மழையில் மட்டக்களப்பு வாவிக் கரையில் வீசும் காற்று, பேரீச்சம்பழத்தை விடவும் ஈரமானது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் டின்னில் ஒரு கிழமைக்கு மேல் தாங்கும் பிஸ்கட், ஈரமான வாடைக் காற்று தொடங்கியதும் மேசையில் வைத்த சில மணி நேரத்தில் பதம் கெடுவது இதனால்தான். பழத்தின் ஈரத்தைச் சமையலறையில் குறைக்கலாம், காற்றின் ஈரத்துக்கு டின் மூடிதான் ஒரே வழி.

முப்பது பிஸ்கட் அளவுக்கு: கோதுமை மா 160 கிராம், அரிசி மா 40 கிராம், பட்டர் அல்லது மாஜரின் 110 கிராம், சீனி 75 கிராம், முட்டை மஞ்சட்கரு ஒன்று, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, கறுவாத் தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, நறுக்கிய பழம் 90 கிராம். பழமே இனிப்பு என்பதால் சீனியை இதற்கு மேல் கூட்ட வேண்டாம்; கூட்டினால் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டும்.

அரிசி மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. கோதுமை மாவிலுள்ள புரதம் தண்ணீரும் கைப்பிசைவும் சேர்ந்தால் குளூட்டன் என்ற இழுபடும் வலையாகும். பாணுக்கு அது வேண்டும். பிஸ்கட்டில் அது கூடினால் பல்லுக்குக் கடினம். அரிசியில் குளூட்டன் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு அரிசி மா சேர்த்தால் வலை அறுபட்டு, பிஸ்கட் கடித்தவுடன் பொடிந்து விழும். நெல் விளையும் அம்பாறையில் அரிசி மாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடியப்பத்துக்கு ஊறவைத்து இடித்த பச்சை மாவை அப்படியே போடக்கூடாது. அதில் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் இருக்கலாம். வறுத்து, ஆறவிட்டு, அரித்த பிறகுதான் அது உதவும்.

பட்டரைப் பற்றிச் சமையல் குறிப்புகள் 'அறை வெப்பநிலையில்' என்று எழுதிவிடும். அது 20 பாகை நாட்டு அறை. பட்டரும் சீனியும் அடிக்கும்போது சீனிப் பரல்கள் கொழுப்புக்குள் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகளை இழுத்து விடுகின்றன. கொழுப்பு அரைத் திண்மமாக இருந்தால்தான் குமிழி நிற்கும். 18 முதல் 20 பாகை அதற்குத் தோது. கல்முனையிலோ ஏறாவூரிலோ பகல் பன்னிரண்டு மணிக்கு அறையே 31, 32 பாகை. பட்டர் உருகுவது 32 முதல் 35 பாகையில். எனவே பிரிட்ஜிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் மட்டும் வைத்து அடிக்கத் தொடங்குங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் திரும்ப உள்ளே வையுங்கள். மாஜரின் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், மணம்தான் பட்டருக்கு ஈடாகாது.

இரண்டு மூன்று நிமிடம் அடித்து நிறம் வெளுத்ததும் மஞ்சட்கருவைச் சேர்த்து, அரித்த மாவகைகளில் ஒரு தேக்கரண்டியைப் பழத்துக்கென எடுத்து வைத்து, மீதியையும் பழத்தையும் கொட்டி, விரல் நுனியால் திரட்டுங்கள். உலர்மா தெரியாமல் போன கணமே நிறுத்திவிட வேண்டும். ரொட்டிக்குப் போல உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்தால் அரிசி மா செய்த உபகாரமெல்லாம் வீண். திரளாவிட்டால் பால் ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம்.

இனிப் பழம். நோன்பு காலத்தில் காத்தான்குடிக் கடைகளில் பேரீச்சம்பழம் விதவிதமாக வந்து குவியும். பிஸ்கட்டுக்கு ஒட்டும் கொழகொழப்பான ரகம் சரிவராது. தோல் சுருங்கி, கொஞ்சம் விறைப்பாக இருப்பதைப் பாருங்கள். கொட்டை நீக்கி 5 மில்லிமீற்றர் துண்டுகளாக நறுக்கி, எடுத்து வைத்த ஒரு தேக்கரண்டி மாவைத் தூவிப் புரட்டினால் துண்டுகள் தனித்தனியாக நிற்கும். முந்திரிகை வற்றலைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் முதல்நாள் இரவே கழுவித் துணியில் பரப்பி உலரவிட வேண்டும். கேக்குக்குச் செய்வதுபோல ஊறவைத்தால் ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் வேகாத மா ஒரு வளையமாக நிற்கும்.

அன்னாசி, மாம்பழம் போன்ற புதிய பழத்தைத் துண்டாகப் போடவே கூடாது. அன்னாசியில் 86 சதவீதம் தண்ணீர். அதைக் காய்ச்சித்தான் உள்ளே விட வேண்டும், இதற்குத் தராசு கைகொடுக்கும். துருவிய அன்னாசி 250 கிராமும் சீனி 100 கிராமும் சேர்த்து அடுப்பில் கிளறுங்கள். 350 கிராம் 175 ஆகப் பாதியாகும்போது, அந்த 175 கிராமில் மீந்திருக்கும் தண்ணீர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். வெறும் சட்டியின் நிறையை முதலில் குறித்து வைத்தால் சட்டியோடு நிறுத்துப் பார்க்கலாம். ஆறிய பிறகு உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டை வரும். அதை மாவுக்குள் வைத்து மூடிச் சுட வேண்டும்.

மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழத்திலுள்ள புறுக்ரோசு என்ற சீனி, சாதாரணச் சீனியை விடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் வற்றல் சூட்டில் ஊதி, கருகி, கசக்கும். கலவையோடு சேர்த்த பழமென்றால் வெட்டிய பிறகு வெளியே தெரியும் துண்டுகளை விரலால் உள்ளே அமர்த்திவிடுங்கள். இங்கிலாந்தில் 1861 முதல் விற்பனையாகும் கரிபால்டி பிஸ்கட்டில் சிறு வற்றல்களை இரு மெல்லிய மாத் தகடுகளுக்கு இடையில் வைத்து நசுக்குகிறார்கள். கருகாமல் இருக்க அருமையான ஏற்பாடு.

திரட்டிய மாவை 30 நிமிடம் பிரிட்ஜில் வைத்து, 6 மில்லிமீற்றர் கனத்துக்குத் தட்டி, 5 சென்ரிமீற்றர் வட்டங்களாக வெட்டுங்கள். குளிராமல் போறணைக்குள் போனால், மா இறுகுவதற்கு முன்பே கொழுப்பு உருகி வட்டம் தட்டையாகிவிடும். 165 முதல் 170 பாகையில் 14 முதல் 16 நிமிடம். முதல் பாதியில் நிறம் மாறாது, பதற வேண்டாம். தண்ணீர் போகும்வரை மேற்பரப்பு 100 பாகைக்கு மேல் அதிகம் ஏறாது. உலர்ந்து 140 பாகை தாண்டிய பிறகுதான் புரதமும் சீனியும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வரும். அந்தக் கட்டத்தில் இரண்டு நிமிடம் பெரிய வித்தியாசம்.

சிறிய மின் போறணைகளின் குமிழை அப்படியே நம்ப முடியாது. சாதாரணச் சீனி உருகுவது 186 பாகை அளவில். ஒரு தேக்கரண்டி சீனியை அலுமினியத் தாளில் வைத்து, குமிழை 175இல் நிறுத்தி, நன்றாகச் சூடேறிய போறணைக்குள் 15 நிமிடம் விடுங்கள். சீனி பாகாகியிருந்தால் உங்கள் போறணை சொல்வதை விடச் சுடுகிறது, குமிழைக் குறைத்து வையுங்கள். அடி கருகி மேல் வெளுத்திருந்தால் தட்டு கீழ்க் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது; ஒரு படி மேலே ஏற்றுங்கள், அல்லது இன்னொரு தட்டை அடியில் இரட்டையாக வையுங்கள். போறணை இல்லாதவர்கள் கனத்த பானையில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, 15 நிமிடம் சூடேற்றி, தாங்கியின் மேல் தட்டை வைத்துச் சுடலாம். 20 முதல் 25 நிமிடம் ஆகும். கடைசி ஐந்து நிமிடம் மூடியை ஓர் ஈர்க்கால் சற்றே தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழத்தின் ஆவி உள்ளேயே சுற்றி பிஸ்கட்டை மெத்தென்றாக்கும்.

இறக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். உருகிய சீனி கண்ணாடிபோல இறுகி, கொழுப்பும் உறைந்த பிறகே மொறுமொறுப்பு வரும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளிக் கருக்குகிறவர்கள் நிறையப்பேர். தட்டில் ஐந்து நிமிடம், கம்பி வலையில் அரை மணி நேரம். உள்ளங்கைக்குச் சூடு தெரியாமல் போனதும் உடனே டின்னில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்க்கும். மழைநாளில் சாயந்தரம் வரை வைத்திருந்தால் காற்று ஈரத்தை ஏற்றிவிடும். வறுத்து ஆறிய அரிசி இரண்டு மேசைக்கரண்டியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் கொஞ்சம் உதவும், சில நாளுக்கு ஒருமுறை அதைத் திரும்ப வறுக்க வேண்டும். நமுத்த பிஸ்கட்டை 150 பாகையில் ஐந்தாறு நிமிடம் காயவைத்தால் மீளும். ஆனால் ஒவ்வொரு முறையும் பழம் இன்னும் இறுகும், மூன்றாம் தடவை பேரீச்சம்பழம் பல்லில் கல்லாகக் கடிபடும்.