சூறாவளிக்குக் காப்புறுதி இருக்கிறது, வெள்ளத்துக்கு இருக்கிறதா?

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது போன்ற சூறாக்காற்று கொழும்புக்கு வருவது அபூர்வம். இங்கே வருவது தண்ணீர். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோதும், கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது களனி கங்கை. மலைநாட்டில் கொட்டிய மழை ஆற்றோடு இறங்கி வர நேரம் எடுக்கும். காற்று அடங்கி வானம் வெளுத்த பிறகும் முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பொலிசியைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டிய சொல் வெள்ளம். வீட்டுக் காப்புறுதியின் அடிப்படை தீயும் மின்னலும்தான். சூறாவளி, புயல், வெள்ளம் என்பவை அதன்மேல் சேர்க்கப்படுபவை. பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே வரும். ஆனால் கட்டுப்பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு எடுத்த பொலிசிகளிலும், ஆற்றோர முகவரிகளிலும் வெள்ளம் மட்டும் கழற்றப்பட்டிருக்கலாம். மண்சரிவு வேறு தலைப்பு. அதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். முகவர் வாயால் “எல்லாம் இருக்கு” என்று சொன்னது கிளைம் நேரத்தில் உதவாது. பொலிசியோடு வரும் அட்டவணையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மழைநீரிலும் ஒரு வித்தியாசம் உண்டு. காற்று கூரைச் சீட்டைக் கிளப்பி, அந்த வழியால் மழை உள்ளே கொட்டினால் அது புயல் சேதம். பழைய வெடிப்பால் கசிந்தது, திறந்திருந்த யன்னலால் சாரல் அடித்தது, இலை அடைத்த பீலி நிரம்பிச் சுவரால் வழிந்தது என்றால் அது பராமரிப்புக் குறைபாடு, பணம் வராது. வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடலோர வீடுகளில் இது அடிக்கடி தகராறாகிறது. உப்புக்காற்றில் கூரைச் சீட்டைப் பிடிக்கும் கொளுக்கிகள் துருப்பிடித்து மெலிந்துவிடும். ஒரு சாதாரண காற்றுக்கே சீட் கிளம்பும். சேதத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் ஏணியில் ஏறி முதலில் பார்ப்பது அந்தக் கொளுக்கியைத்தான். முறிந்த இடம் முழுக்கக் கறுத்த துருவாக இருந்தால், சேதத்துக்குக் காரணம் தேய்மானம் என்று எழுதிவிடுவார். ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் ஒருமுறை ஆளை ஏற்றிப் பார்த்து, மாற்றியவற்றின் பற்றுச்சீட்டையும் படத்தையும் வைத்திருந்தால் அந்த வாதத்துக்குப் பதில் உங்களிடம் இருக்கும்.

இனி, மிகப் பெரிய இழப்பு எங்கே நடக்கிறது என்பதற்கு வருவோம். அது காப்புறுதித் தொகையில்.

2022இல் ரூபாய் சரிந்தபோது சீமெந்து, கம்பி, டைல்ஸ், வயர் எல்லாம் விலை ஏறின. பொலிசிகளோ பழைய தொகையிலேயே வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டு வந்தன. ஒரு கணக்கைப் பாருங்கள். 1,500 சதுர அடி வீடு. இன்று இடித்துக் கட்டினால் சதுர அடிக்கு 12,000 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 180 இலட்சம். பொலிசியில் இருப்பது பழைய 90 இலட்சம். வெள்ளத்தில் வயரிங், கதவுகள், பெயின்ட், சமையலறை அலுமாரி என்று 12 இலட்சம் சேதம். “90 இலட்சம் வரை இருக்கிறதே, 12 முழுதாக வரும்” என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். வராது. பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறார். ஆகவே சேதத்திலும் பாதி, 6 இலட்சம். இதைச் சராசரி விதி என்பார்கள். அதற்கு மேல் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, அதாவது எக்ஸஸ், 10 சதவீதம் என்றிருந்தால் கைக்கு வருவது 5 இலட்சத்து 40 ஆயிரம். மீதி 6 இலட்சத்து 60 ஆயிரமும் சொந்தக் காசு. இந்த விதி தெரியாமல் நொந்துபோகும் குடும்பங்கள் ஏராளம். தொகையை உயர்த்தச் சொல்லி நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தால் தவிர்க்கக்கூடிய நட்டம் இது.

தொகை தீர்மானிக்கும்போது காணியின் விலையைச் சேர்க்காதீர்கள். கொழும்பில் காணிதான் பெறுமதி, ஆனால் வெள்ளம் வடிந்தாலும் காணி அங்கேயே இருக்கும். மறுபடி கட்டும் செலவு, இடிபாடு அகற்றும் செலவு, பொறியியலாளர் கட்டணம் ஆகியவைதான் கணக்கு. மதில், கேற், தண்ணீர்ப் பம்ப், கூரையில் உள்ள சோலார் பனல் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெயர் குறித்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் முதலில் சாய்ப்பது மதிலைத்தான்.

வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி கேட்ட பொலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும், அதுவும் சிலவேளை கடன் தொகைக்கு மட்டும். பிறிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை எதுவும் அதில் இருக்காது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் பொலிசியை நம்பவே கூடாது. உடைமைகளுக்குத் தனியாக எடுக்கலாம். தொடர்மாடியில் இருப்பவர்கள், கட்டடத்துக்கான பொலிசியின் பிரதியை தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் கேட்டு வாங்கி, தங்கள் வீட்டுக்குள் போட்ட டைல்ஸும் அலுமாரிகளும் அதில் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மே மாதத்துக்கு முன்னும் ஒக்டோபருக்கு முன்னும் முடித்துவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்ட பிறகு புதிதாக வெள்ளக் காப்புறுதி கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

தண்ணீர் வந்துவிட்டால்? உயிர் முதலில், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. திரும்பி வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், சேறு கழுவ. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கும். அதன் அருகே அளவு நாடாவை நிலத்திலிருந்து பிடித்து, இலக்கம் தெரியும்படி ஒவ்வொரு அறையிலும் படம் எடுங்கள். பிறிட்ஜின் பின்பக்கம் அல்லது உள்பக்கம் ஒட்டியுள்ள தொடர் இலக்கத்தையும் எடுங்கள். நிறுவனத்துக்கு அன்றே தொலைபேசியில் சொல்லி, பிறகு எழுத்திலும் அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை பொருட்களை எறியாதீர்கள். நாற்றம் தாங்காமல் மெத்தையை எறியத்தான் வேண்டும் என்றால், நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, படம் எடுத்து, ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த சாதனங்களை “வேலை செய்யுதா பார்ப்போம்” என்று பிளக்கில் போடவே வேண்டாம். ஆளுக்கு ஆபத்து, அதோடு மோட்டர் எரிந்தால், அது மின்கோளாறா வெள்ளச் சேதமா என்ற கேள்வியும் எழும். திருத்துபவரிடம் கொடுத்து, தண்ணீர் புகுந்ததால் பழுது என்று எழுத்தில் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வெள்ளம் வந்த திகதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் எடுத்து வையுங்கள். மேசனின் மதிப்பீட்டில் “திருத்த வேலை 8 இலட்சம்” என்று ஒரே வரி இருந்தால் மதிப்பீட்டாளர் வெட்டத்தான் செய்வார். எத்தனை சதுர அடி பூச்சு, எத்தனை கதவு, எத்தனை மின்புள்ளி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

தொகை குறைந்தாலோ மறுத்தாலோ, எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். இறுதித் தீர்வு என்று அச்சிட்ட பற்றுச்சீட்டில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். இந்த இடங்களில் பேசுவது கடிதங்களும் படங்களும்தான். திகதி வாரியாக ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள்.